வாசகர் கேள்வி–பதில்: பெர்மிட்டும் தலையங்கமும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்தே வந்தவை. சென்ற மாதம் இங்குள்ள தமிழ்ப்பள்ளி ஒன்றின் மண்டபத்தில் நடந்த வாசகர் சந்திப்பில், அதிகாரத்தின் நெருக்குதலுக்கு நடுவே பத்திரிகைகள் தலையங்கம் எழுதிய கதையைச் சற்று விரிவாகப் பேசினேன். நேரம் போதாமல் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. அன்று கேட்க முடியாமல் போனவர்கள் எழுதி அனுப்பிய கேள்விகளுக்கே இம்முறை பக்கம் முழுவதையும் ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: அரசாங்கம் ஒவ்வொரு வரியையும் உற்றுப் பார்க்கும் காலத்தில் செய்திகளை மட்டும் வெளியிட்டுவிட்டுத் தலையங்கத்தை விட்டுவிட்டால் என்ன? அதனால் யாருக்கு நட்டம்? — தமிழ்ப்பள்ளி ஆசிரியை

பதில்: செய்தி என்ன நடந்தது என்று சொல்கிறது. நடந்தது நியாயமா என்று கேட்கும் இடம் தலையங்கம் ஒன்றுதான். அதன் கீழே எவருடைய பெயரும் இருக்காது. பெயர் இல்லை என்பதால் அதற்குப் பொறுப்பாளி இல்லை என்று ஆகிவிடாது. முதலாளி முதல் அச்சுக்கோப்பவர் வரை பத்திரிகையில் பணியாற்றும் அனைவரும் அந்தச் சொற்களுக்குப் பிணை நிற்கிறார்கள். பாரதியார் சென்னையில் 'இந்தியா' வார இதழை நடத்திய நாள்களில் அதன் அனல் பறக்கும் எழுத்து அவருடையதாக இருந்தாலும், அரசாங்கப் பதிவேட்டில் ஆசிரியராகப் பெயர் கொடுத்திருந்தவர் சீனிவாசன் என்பவர். 1908ஆம் ஆண்டில் வழக்குத் தொடுக்கப்பட்டுச் சிறைக்குப் போனவர் அவரே. பாரதியார் புதுச்சேரிக்குச் சென்று அங்கிருந்து இதழைத் தொடர்ந்தார். ஒருவர் எழுத, இன்னொருவர் சிறை செல்வது என்ற இந்த ஏற்பாட்டை மறந்துவிட்டுத் தலையங்க ஆசிரியர்களின் துணிவைப் பற்றியோ அச்சத்தைப் பற்றியோ பேசுவது முறையாகாது.

நட்டம் யாருக்கு என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பிறந்த லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், நாற்பது குடும்பங்களுக்கு வந்தது ஒரே ஒரு பத்திரிகை. பால்மரம் (ரப்பர்) வெட்டிவிட்டு வந்து குளித்துச் சாப்பிட்ட பிறகு, பெரியவர்கள் மாரியம்மன் கோயில் படியில் உட்கார்ந்துகொள்வார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த பையன்களில் ஒருவனாக நான் உரக்கப் படிப்பேன். செய்திகள் முடிந்ததும் என் தாத்தா, "சரி, ஆசிரியர் என்ன சொல்றாரு, அதப் படி" என்பார். தங்களுக்காக யோசித்துப் பார்க்க ஒரு படித்த மனிதர் கோலாலம்பூரில் உட்கார்ந்திருக்கிறார் என்று அவர்கள் நம்பினார்கள். தலையங்கத்தை விட்டுவிட்டால் நட்டம் அந்தப் படியில் உட்கார்ந்திருந்தவர்களுக்குத்தான்.

கேள்வி: பத்திரிகைக்கு ஆண்டுதோறும் பெர்மிட் வாங்கும் வழக்கம் நம் நாட்டில் எப்படி வந்தது? இப்போதும் இருக்கிறதா? — ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி

பதில்: ஐயா, அந்தக் கதையின் தொடக்கம் உங்களுக்கும் எனக்கும் மிக அருகில் நடந்தது. 1948 ஜூன் 16ஆம் நாள் காலையில் நம் ஊர் எல்ஃபில் தோட்டத்திலும் இன்னொரு தோட்டத்திலும் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டே நாள்களில் மலாயா முழுவதும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. கம்யூனிஸ்டுகளை அடக்குவதற்கென்று பிரிட்டிஷார் அந்த ஆண்டில் கொண்டுவந்த சட்டங்களுள் ஒன்று, அச்சகம் வைத்திருப்பவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை உரிமம் பெற வேண்டும் என்பது. அவசரகாலம் 1960இல் முடிந்தது, உரிமம் முடியவில்லை. 1984இல் வந்த அச்சகங்கள், வெளியீடுகள் சட்டம் அதைத் தனக்குள் எடுத்துக்கொண்டது. பெர்மிட்டைக் கொடுப்பதும் மறுப்பதும் பறிப்பதும் உள்துறை அமைச்சரின் கையில் இருந்தன.

அந்தக் கை எவ்வளவு வலிமையானது என்பதை 1987 அக்டோபர் இறுதியில் நாடு பார்த்தது. ஓப்பராசி லாலாங் (களைப்புல் நடவடிக்கை) என்ற நடவடிக்கையில் நூற்றுக்கும் மேற்பட்டோர், விசாரணையின்றிக் காவலில் வைக்க இடம் தந்த இசா சட்டத்தின் கீழ் பிடிக்கப்பட்டார்கள். (தோட்டத்தில் களை எடுத்தவர்களுக்கு லாலாங் என்றால் என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை. மனிதர்களைப் பிடிக்கும் நடவடிக்கைக்கு அந்தப் பெயரை வைத்தது அன்றும் எனக்கு வலித்தது, இன்றும் வலிக்கிறது.) அதே வேளையில் 'தி ஸ்டார்', 'சின் சியூ ஜிட் போ', 'வத்தான்' ஆகிய மூன்று பத்திரிகைகளின் பெர்மிட் பறிக்கப்பட்டது. ஆங்கிலம், சீனம், மலாய் என்று மொழிக்கு ஒன்று. 'ஸ்டார்' 1988இல் மீண்டும் வெளிவந்தபோது, நாட்டின் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் அதில் எழுதிவந்த பத்தி திரும்பி வரவில்லை. விடுதலையை அறிவித்த மனிதருக்கே பத்திரிகையில் இடமில்லை என்றால் மற்றவர்கள் எதைப் புரிந்துகொள்வார்கள்? 1987 டிசம்பரில் சட்டம் மேலும் இறுக்கப்பட்டு, அமைச்சரின் முடிவை நீதிமன்றத்தில் கேள்வி கேட்கும் வழியும் அடைக்கப்பட்டது.

2012ஆம் ஆண்டுத் திருத்தத்தில் ஆண்டுதோறும் புதுப்பிக்கும் விதி நீங்கியது. நீதிமன்றத்தின் கதவும் திறந்தது. ஆனால் பெர்மிட் வேண்டும் என்ற விதி இருக்கிறது, அதை ரத்து செய்யும் அதிகாரமும் இருக்கிறது.

கேள்வி: இந்தியாவில் நெருக்கடி நிலையின்போது தலையங்கப் பகுதியை வெறுமையாக விட்டு வெளியிட்டார்கள் என்று சொன்னீர்கள். ஒன்றும் எழுதாமல் விடுவது எப்படி எதிர்ப்பாகும்? — கல்லூரி மாணவர்

பதில்: தம்பி, 1975 ஜூன் 25ஆம் நாள் இரவில் நெருக்கடி நிலை பிறப்பிக்கப்பட்டபோது, டில்லியில் பத்திரிகை அலுவலகங்கள் வரிசையாக இருக்கும் தெருவில் மின்சாரம் துண்டிக்கப்பட்டது. மறுநாள் காலையில் பல பத்திரிகைகள் வெளிவரவே இல்லை. மின்சாரம் திரும்பியபோது கூடவே தணிக்கை அதிகாரியும் வந்துவிட்டார். ஜூன் 28ஆம் நாள் 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' தலையங்கம் இருக்க வேண்டிய இடத்தை வெள்ளையாக விட்டு வெளிவந்தது. தமிழ்நாட்டில் சோ ராமசாமி தம் 'துக்ளக்' இதழின் அட்டையைக் கறுப்பாக அச்சிட்டார்.

அந்த வெள்ளை இடத்தை வாசகனின் கண்ணால் பாருங்கள். நாள்தோறும் காலையில் அதே பக்கத்தில், அதே மூலையில், அதே அகலத்தில் சொற்களைப் பார்த்துப் பழகிய கண், அன்று அங்கே போய் நிற்க இடமில்லாமல் தடுமாறுகிறது. இங்கே ஒருவர் பேசவிருந்தார், பேச விடவில்லை என்பதை அந்த இடமே சொல்லிவிடுகிறது. சட்டப்படி அதில் குற்றம் சாட்டுவதற்கு ஓர் எழுத்துக்கூட இல்லை. அதிகாரிகளுக்கும் இது விளங்காமல் இல்லை. இடத்தை வெறுமையாக விடவும் கூடாது என்று அடுத்து விதி வந்தது. பேசக்கூடாது என்று சொல்லும் அதிகாரம், பேசாமல் இருப்பது வெளியே தெரியவும் கூடாது என்று சொல்ல வேண்டிய நிலைக்கு வந்துவிட்டது. அந்த விதியே தலையங்கத்தின் வலிமைக்குக் கிடைத்த சான்று என்று நான் கருதுகிறேன்.

அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் பிரேசிலிலும் இராணுவ ஆட்சியின் தணிக்கை நடந்துகொண்டிருந்தது. 'ஓ எஸ்டாடோ டி சாவ் பாவ்லோ' என்ற நாளிதழ், வெட்டப்பட்ட செய்திகளின் இடத்தில் பழைய போர்ச்சுகீசியக் கவிஞர் கமோயிஷின் காப்பிய வரிகளை அச்சிட்டது. அதன் மாலைப் பத்திரிகை சமையல் குறிப்புகளைப் போட்டது. அரசியல் பக்கத்தின் நடுவே சமையல் குறிப்பைக் காணும் வாசகனுக்கு விளக்கம் தேவைப்படுமா?

ஆயினும் இவற்றுள் என் மனத்தில் மிக ஆழமாகப் பதிந்தது தமிழில் நடந்ததுதான். 1976 ஜனவரி 31ஆம் நாள் தமிழ்நாட்டில் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டு அக்கட்சியினர் ஏராளமானோர், விசாரணையின்றிக் காவலில் வைக்கும் மிசா சட்டத்தில் கைதானார்கள். கைதானவர்களின் பெயர்களை வெளியிடத் தணிக்கை இடம் கொடுக்கவில்லை. பிப்ரவரி 3 அண்ணாவின் நினைவு நாள். அன்று அண்ணா சதுக்கத்திற்கு மலர் வளையம் வைக்க வர இயலாதோர் என்று 'முரசொலி'யில் ஒரு பட்டியல் வந்தது. அதை எழுதியவர் கருணாநிதி. அஞ்சலி செலுத்த வர முடியாதவர்களின் பெயரைப் போடுவதில் என்ன குற்றம் காண்பது? வெள்ளை இடம் ஏதோ நடக்கிறது என்பதை மட்டும் சொல்லும். இந்தப் பட்டியலோ தன் பிள்ளை எங்கே என்று தேடிக்கொண்டிருந்த தாய்க்குப் பதில் சொன்னது. கட்சிச் சார்பை ஒதுக்கிவைத்துவிட்டு, எழுத்துத் தொழில் செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: அதிகாரம் கண்காணிக்கும்போதும் வாசகனுக்குத் தேவையான தகவலை அவன் கையில் சேர்க்க முடியும் என்பதற்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

கேள்வி: இலங்கையில் பத்திரிகைக்காரர்களைச் சுட்டே கொன்றார்கள். அதை நினைத்தால் நம் நாட்டில் பெர்மிட் பிரச்சினை ஒரு பெரிய விஷயமா? — சந்தையில் காய்கறி வியாபாரம் செய்பவர்

பதில்: கொலையோடு எதையும் ஒப்பிட நான் முன்வர மாட்டேன். 2006 மே 2ஆம் நாள் யாழ்ப்பாணத்து 'உதயன்' அலுவலகத்தில் புகுந்தவர்கள் ஊழியர் இருவரைச் சுட்டுக் கொன்றார்கள். 2009 ஜனவரி 8ஆம் நாள் 'சண்டே லீடர்' ஆசிரியர் லசந்த விக்ரமதுங்க கொல்லப்பட்டார். மூன்று நாள் கழித்து அவர் எழுதி வைத்திருந்ததாகத் தலையங்கம் ஒன்று அவருடைய பத்திரிகையில் வெளிவந்தது. தாம் கொல்லப்படக்கூடும் என்பதை முன்னறிந்த எழுத்து அது. துப்பாக்கி யாரை நோக்கி நீள்கிறது என்பது எல்லாருக்கும் தெரிகிறது. பெர்மிட் என்பது மேசை இழுப்பறையில் கிடக்கும் ஒரு தாள். அதன் வேலை எவர் கண்ணிலும் படாமல் நடப்பதால்தான் அதைப் பற்றி நாம் தனியாகப் பேச வேண்டியிருக்கிறது. அடுத்த கேள்விக்கான பதிலில் அதைச் சொல்கிறேன்.

கேள்வி: நேராகவே கேட்கிறேன் ஐயா. மற்ற நாட்டு வீரக் கதைகளை எல்லாம் சொன்னீர்கள். நீங்கள் பத்திரிகையில் இருந்தபோது பயந்துகொண்டுதானே எழுதினீர்கள்? — செம்பனை லோரி ஓட்டுநர்

பதில்: ஆம்.

நான் பணியாற்றிய நாளிதழின் பெயர் இங்கு வேண்டாம். எங்கள் ஆசிரியர் நல்லவர், இப்போது உயிரோடு இல்லை. 1988ஆம் ஆண்டின் தொடக்கம். மூன்று பத்திரிகைகள் மூடிக் கிடந்த நேரம். ஒரு நாள் மாலை, தோட்டத்திலிருந்து இரண்டு பேருந்து மாறி ஒருவர் அலுவலகத்திற்கு வந்தார். கிச்சாப் போத்தல் ஒன்றைத் துணிப்பையிலிருந்து எடுத்து என் மேசையில் வைத்தார். அதில் இருந்தது அவர்கள் லயத்துக் குழாய்த் தண்ணீர். தேயிலைச் சாயத்தின் நிறம். "இதத்தாங்கய்யா புள்ளைங்க குடிக்குது" என்றார். இருபத்தெட்டு வீடுகளுக்கு ஒரே குழாய் என்றும், நிர்வாகத்திடம் மூன்று முறை எழுதிக் கொடுத்தும் பதில் இல்லை என்றும், மாவட்ட அலுவலகத்தில் மனுவை வாங்கிக்கொள்ளவே இல்லை என்றும் சொன்னார். நான் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். அன்றிரவு தலையங்கம் எழுதும் பொறுப்பு என்னுடையது.

முதலில் எழுதியதில் தோட்டத்தின் பெயர் இருந்தது. வீடுகளின் எண்ணிக்கையும், மனு கொடுத்த நாள்களும், மாவட்ட அலுவலகமும் இருந்தன. எழுதி முடித்துவிட்டுப் படித்தேன். எவரும் எனக்குத் தொலைபேசியில் எச்சரிக்கை விடுக்கவில்லை, ஆசிரியரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் படிக்கப் படிக்க, உள்துறை அமைச்சில் நான் ஒருபோதும் பார்த்திராத ஓர் அதிகாரி என் தோளுக்குப் பின்னால் நின்று படிப்பதுபோல் இருந்தது. மாவட்ட அலுவலகத்தை அடித்தேன். மனு நாள்களை அடித்தேன். பெயரைப் போட்டால் தோட்ட நிர்வாகம் வழக்குப் போடுமோ என்று அதையும் அடித்தேன். கடைசியில் அச்சுக்குப் போனது, "சில தோட்டங்களில் குடிநீர் வசதி மேம்படுத்தப்பட வேண்டும் என்பதைச் சம்பந்தப்பட்டோர் கவனத்திற்குக் கொண்டுவருகிறோம்" என்ற வாக்கியம். கையால் அச்சுக் கோத்துக்கொண்டிருந்த காலம் அது. மெய்ப்பைக் கொண்டுவந்து கொடுத்த அச்சுக்கோப்பாளர் என் மேசையில் இருந்த போத்தலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஒரு வாரம் கழித்து அந்த மனிதரிடமிருந்து அஞ்சலட்டை வந்தது. "எங்கள் தோட்டத்தைப் பற்றி எப்போது போடுவீர்கள் ஐயா?" என்று கேட்டிருந்தார். என் தலையங்கத்தை அவர் படித்திருந்தார், தம்மைப் பற்றித்தான் எழுதியிருக்கிறது என்பது அவருக்கே தெரியவில்லை.

பெர்மிட் முறை செய்யும் வேலை இதுதான் நண்பரே. எதை எழுதக்கூடாது என்று யாரும் பட்டியல் தருவதில்லை. பட்டியல் இருந்தால் அதன் விளிம்பு வரை போய்ப் பார்க்கலாம். விளிம்பு எங்கே என்று தெரியாதபோது மனிதன் பத்தடி உள்ளேயே நின்றுவிடுகிறான். 2007 ஆகஸ்டில் 'மக்கள் ஓசை' நாளிதழ் ஒரே ஒரு படத்துக்காக ஒரு மாதம் நிறுத்தி வைக்கப்பட்டது. இயேசுநாதரைச் சிகரெட்டுடன் காட்டிய அந்தப் படம் தவறு என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் படத்தைத் தேர்ந்தெடுப்பதில் எந்தப் பங்கும் இல்லாதவர்களையும் சேர்த்தே அந்தத் தண்டனை தாக்கியது. தலையங்கம் எழுதுபவன் பேனாவை எடுக்கும்போது இந்தக் கணக்கு தானாகவே மனத்தில் ஓடும். சக ஊழியர்களின் சோற்றை நினைத்துத்தான் அடித்தேன் என்று நான் பல ஆண்டுகள் எனக்குச் சொல்லிக்கொண்டேன். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் முழு உண்மை அது இல்லை. அன்றிரவு எனக்கு முதல் வாசகராக இருந்தவர் அந்த அதிகாரி. கிச்சாப் போத்தலைக் கொண்டுவந்தவர் இல்லை.

அப்படிப் பயப்படாதவர்களும் இந்த நாட்டில் இருந்தார்கள். 1961இல் 'உத்துசான் மெலாயு' என்ற மலாய் நாளிதழ் ஆளுங்கட்சியின் கைக்குள் போகக்கூடாது என்று அதன் ஆசிரியர் சைட் சஹாரி தலைமையில் ஊழியர்கள் மூன்று மாதம் வேலைநிறுத்தம் செய்தார்கள். தோற்றார்கள். சைட் சஹாரி பின்னர் சிங்கப்பூரில் விசாரணையின்றிப் பதினேழு ஆண்டுகள் சிறையில் இருந்தார்.

கேள்வி: பத்திரிகை வாங்கிப் படிப்பதைத் தவிர எங்களைப் போன்றவர்களால் என்ன செய்ய முடியும்? — குடும்பத் தலைவி

பதில்: அம்மா, தென்கொரியாவில் பார்க் சுங் ஹீயின் ஆட்சியில் நடந்ததைச் சொல்கிறேன். 'டோங்கா இல்போ' என்ற நாளிதழின் செய்தியாளர்கள் தணிக்கையை ஏற்க மாட்டோம் என்று 1974இல் அறிவித்தார்கள். ஆட்சியாளர்கள் பத்திரிகையைத் தொடவில்லை. விளம்பரம் கொடுத்துவந்த நிறுவனங்களைத் தொட்டார்கள். அவ்வாண்டு டிசம்பரில் விளம்பரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்க, பக்கங்கள் வெறுமையாக வெளிவந்தன. அப்போது வாசகர்கள் தங்கள் கைக்காசைக் கொடுத்து அந்த வெற்றிடங்களில் சிறு சிறு வரிகளாக ஊக்கச் சொற்களை விளம்பரமாக வெளியிட்டார்கள். அடுத்த மார்ச் மாதத்தில் நிர்வாகம் பணிந்து, நூற்றுக்கும் மேற்பட்டோரை வேலையிலிருந்து நீக்கியது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனாலும் அந்தச் சில மாதங்களில் எழுதியவர்களுக்குத் தங்கள் வாசகர் யார் என்பதில் குழப்பம் இருந்திருக்காது.

அதிகாரி கடிதம் எழுதுவார், வாசகர் எழுத மாட்டார் என்ற நிலைதான் ஆசிரியரைத் தனிமைப்படுத்துகிறது. ஒரு தலையங்கம் உங்கள் வாழ்க்கையைத் தொட்டிருந்தால் அதற்கு நான்கு வரி எழுதிப் போடுங்கள். மழுப்பியிருந்தால், மழுப்பியிருக்கிறீர்கள் என்றும் எழுதுங்கள். எனக்கு வந்த அஞ்சலட்டையை இன்றும் வைத்திருக்கிறேன்.

கேள்வி: எங்கள் இளைஞர் மன்றச் செய்தி மடலுக்கு நான் தலையங்கம் எழுதத் தொடங்கியிருக்கிறேன். சிக்கலில் மாட்டாமல், அதே நேரத்தில் உண்மையும் சொல்வது எப்படி? — இளைஞர் மன்றச் செயலாளர்

பதில்: அடைமொழிகளைக் குறையுங்கள். கொடூரம், அராஜகம் போன்ற சொற்கள் எழுதுபவருக்கு நிறைவைத் தரும். சட்டமும் அவற்றைத்தான் எளிதாகப் பிடித்துக்கொள்ளும். எண்ணிக்கை, நாள், இடம், யார் யாரிடம் என்ன கேட்டார், என்ன பதில் வந்தது என்பவற்றை நீங்களே போய்ப் பார்த்து, இரண்டு பேரிடம் கேட்டு உறுதிசெய்துகொண்டு எழுதுங்கள். தெரியாததை ஊகித்து எழுதாதீர்கள். குற்றம் சாட்டப்படுபவரின் பதிலையும் கேட்டுப் போடுங்கள். இவ்வளவும் செய்தால் சிக்கலே வராது என்று உறுதி கூற என்னால் முடியாது. வந்தால் நிமிர்ந்து நிற்பதற்கு உங்கள் காலடியில் ஏதாவது இருக்கும்.

எழுதி முடித்ததும் ஒருமுறை உரக்கப் படித்துப் பாருங்கள். எவருடைய துன்பத்தைப் பற்றி எழுதினீர்களோ, அவர் எதிரே உட்கார்ந்து கேட்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். "இது என்னைப் பற்றியது" என்று அவருக்குத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால், நீங்கள் எந்த வரியை அடித்தீர்கள் என்று திரும்பிப் போய்த் தேடுங்கள்.

1988இல் நான் எழுதியிருக்க வேண்டிய வாக்கியம் இன்றும் எனக்கு மனப்பாடம். அந்தத் தோட்டம் கைமாறிச் செம்பனையாகி, லயங்களும் இடிக்கப்பட்டுவிட்டபடியால் பெயரை மட்டும் விட்டுவிட்டு உங்களுக்காக எழுதுகிறேன்: "இத்தோட்டத்தில் இருபத்தெட்டு வீடுகளுக்கு ஒரே குழாய் இருக்கிறது, அதில் வரும் தண்ணீர் தேயிலைச் சாயத்தின் நிறத்தில் இருக்கிறது, அதைக் குழந்தைகள் குடிக்கிறார்கள், தொழிலாளர்கள் மூன்று முறை எழுதிக் கேட்டிருக்கிறார்கள், ஒருமுறையும் பதில் வரவில்லை, அந்தத் தண்ணீர் ஒரு போத்தலில் எங்கள் அலுவலகத்தில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்."